புளூடூத் காலத்துப் பாட்டு: 2008-ஐத் திரும்பிப் பார்க்கிறேன்

"எங்க காலத்துப் பாட்டு மாதிரி வருமா?" என்ற கேள்வி எழாத முன்னாள் மாணவர் சந்திப்பு உண்டா? மேடையில் மைக் ஒழுங்காக வேலை செய்கிறதோ இல்லையோ, மதியச் சாப்பாட்டுப் பந்தியில் இந்தக் கேள்வி நிச்சயம் வந்து உட்கார்ந்துவிடும். எழுபதுகளில் படித்த பெரியவர்கள் எம்.எஸ்.வி. என்பார்கள். எண்பதுகளில் படித்தவர்கள் இளையராஜா என்று ஆரம்பித்தால் பாயசம் ஆறும் வரை நிறுத்த மாட்டார்கள். தொண்ணூறுகளின் பேட்ச், 'ரோஜா' கேசட் வாங்கிய கதையைச் சொல்லும். 2010-ல் வெளியேறிய எங்கள் பேட்சைப் பார்த்து மட்டும் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "உங்க காலத்துல பாட்டுன்னு ஒண்ணு இருந்துதாப்பா?"

இருந்தது சார். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். ராகத்தைக் கேட்டவுடன் பெயர் சொல்லும் ஞானம் கிடையாது. ஆனால் ஒரு வருடத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, அந்த வருடத்துப் பாட்டுகள் யாரிடமிருந்து வந்தன, எந்த வழியாக எங்கள் காதுக்கு வந்து சேர்ந்தன, பிறகு என்ன ஆயின என்று ஓர் இன்ஜினியர் பிரித்துப் பார்க்கிற மாதிரி பார்க்க முடியும் அல்லவா? நான் எடுத்துக்கொண்ட வருடம் 2008. நாங்கள் இரண்டாம் ஆண்டு முடித்து மூன்றாம் ஆண்டில் கால் வைத்த வருடம்.

ராஜா இல்லாத ராஜ்யம்

முதலில் வரவு செலவுக் கணக்கு. ஜனவரியில் 'பீமா'. பிப்ரவரியில் 'அஞ்சாதே'. ஏப்ரலில் 'யாரடி நீ மோகினி', 'சந்தோஷ் சுப்ரமணியம்'. ஜூனில் 'தசாவதாரம்'. ஜூலையில் 'சுப்ரமணியபுரம்'. ஆகஸ்டில் 'தாம் தூம்', 'ஜெயம்கொண்டான்'. செப்டம்பரில் 'சரோஜா', 'காதலில் விழுந்தேன்', 'சக்கரகட்டி'. நவம்பரில் 'வாரணம் ஆயிரம்', 'பூ'. டிசம்பரில் 'அபியும் நானும்', 'சிலம்பாட்டம்'. சில படங்கள் ஓடின, சில ஓடவில்லை. 'சக்கரகட்டி' படத்தைத் தியேட்டரில் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதன் பாட்டுகள் இல்லாமல் ஒரு கல்லூரி டூர் பஸ்ஸும் கிளம்பியதில்லை!

இந்தப் பட்டியலை எழுதிப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது. இசையமைப்பாளர்களை எண்ணிப் பாருங்கள். ஹாரிஸ் ஜெயராஜ், யுவன் சங்கர் ராஜா, ஏ.ஆர்.ரஹ்மான், வித்யாசாகர், தேவிஸ்ரீ பிரசாத், விஜய் ஆண்டனி, சுந்தர் சி.பாபு, பம்பாயிலிருந்து வந்த ஹிமேஷ் ரேஷ்மியா. முதல் படத்தோடு வந்த ஜேம்ஸ் வசந்தன், 'பூ' படத்தின் எஸ்.எஸ்.குமரன் வேறு. அந்த வருடம் இளையராஜாவும் 'உளியின் ஓசை', 'தனம்' என்று இசையமைத்துக்கொண்டுதான் இருந்தார்.

எண்பதுகளில் ஒருவர் ராஜாவாக இருந்தார், பெயரிலேயே ராஜா. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இன்னொருவர் வந்தார். "உங்க காலம் யாரோடது?" என்று கேட்டால் அந்த பேட்ச்காரர்கள் ஒரே பெயரைச் சொல்லிவிடலாம். எங்களால் முடியாது. ரஹ்மான் அந்த வருடம் 'ஜோதா அக்பர்', 'ஜானே தூ', 'கஜினி' என்று இந்தியில் மும்முரமாக இருந்தார். தமிழுக்குக் கிடைத்தது 'சக்கரகட்டி'தான். அவர் விட்ட இடத்தில் பத்துப் பேர் பந்தி போட்டு உட்கார்ந்தார்கள். ஒரே பெயர் இல்லாததால்தான் சீனியர்களுக்கு எங்கள் காலம் வெறுமையாகத் தெரிகிறது என்பது என் கட்சி. வெறுமை இல்லை ஐயா, அங்கே கூட்டம்!

மதுரை, 1980

அந்த வருடத்தின் பெரிய ஆச்சரியம் ஜூலை 4-ம் தேதி வந்தது. எம்.சசிகுமார் தானே தயாரித்து, இயக்கி, நடித்த 'சுப்ரமணியபுரம்'. கதை நடப்பது 1980 மதுரையில். இசை ஜேம்ஸ் வசந்தன். அதுவரை டி.வி. நிகழ்ச்சிகளில் நல்ல தமிழ் பேசும் மனிதராகத்தான் நாங்கள் அவரை அறிவோம். அந்தப் படத்தின் 'கண்கள் இரண்டால்' பாட்டை பெள்ளி ராஜும் தீபா மரியமும் பாடியிருந்தார்கள். இரண்டு பேருமே எங்களுக்குப் புதுப் பெயர்கள்.

எங்கள் ஹாஸ்டலில் ஒரு மிருதங்க வித்வான் இருந்தான் (சிவில் டிபார்ட்மெண்ட்). அவன்தான் சொன்னான், "டேய், இது ரீதிகௌளைடா. 'கவிக்குயில்' படத்துல பாலமுரளிகிருஷ்ணா பாடுவாரே, அதே ராகம்." 'கவிக்குயில்' 1977-ல் வந்த படம். இளையராஜா இசை. எங்களில் ஒருவர்கூட அப்போது பிறந்திருக்கவில்லை. அன்றிரவே யாரோ அந்தப் பழைய பாட்டைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார்கள். ஒரு புதுப் பாட்டு முப்பது வருடத்துக்கு முந்தைய பாட்டின் கதவைத் தட்டித் திறந்துவிட்டது. படத்துக்குள்ளேயே 'கல்லுக்குள் ஈரம்' (1980) படத்தின் பாட்டு வேறு ஒலித்தது. எங்கள் ஹாஸ்டலில் எண்பதுகளின் பாட்டு மறுபடி உயிர் பெற்றது அந்த ஜூலையில்தான். பெல்பாட்டமும் வளர்த்த தாடியுமாக அந்த செமஸ்டர் முழுக்கத் திரிந்த நண்பர்கள் இன்று நல்ல கம்பெனிகளில் மேனேஜர்களாக இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை.

அந்தப் பாட்டை எழுதியவர் கவிஞர் தாமரை. நம் மாணவர்களுக்காக ஒரு கூடுதல் செய்தி: தாமரை மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். கோவையில் வேலை பார்த்துவிட்டு, பாட்டு எழுதுவதற்காகச் சென்னைக்குப் போனவர். ஆங்கிலம் கலக்க மாட்டேன், ஆபாசம் எழுத மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே ஹிட் பாட்டுகள் கொடுத்தவர். அதே வருடம் 'வாரணம் ஆயிரம்' படத்திலும் ஒரு பாட்டு தவிர மற்ற எல்லாம் அவர் எழுதியவை. அந்த ஒரு பாட்டு நா.முத்துக்குமார் எழுதியது.

நா.முத்துக்குமாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'யாரடி நீ மோகினி'யின் பாட்டுகளை எழுதியவர் அவர். எங்கள் வயதுக்காரர்களின் மனசு எப்படிப் பேசும் என்று அவருக்குத் தெரிந்த அளவு எங்களுக்கே தெரியாது. பின்னாளில் 'தங்கமீன்கள்', 'சைவம்' படங்களுக்காக அடுத்தடுத்து இரண்டு தேசிய விருதுகள் வாங்கினார். 2016 ஆகஸ்ட் 14 அன்று, 41 வயதில், போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் வழக்கமான அரட்டை எதுவும் இல்லை. ஆளுக்கொரு பாட்டாக அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், பாதிக்கு மேல் நாங்கள் ஹாஸ்டலில் கேட்டவை.

மறுமுனையில் வாலி. 'தசாவதாரம்' படத்தின் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் காட்சிக்கு அவர் எழுதிய பாட்டு வெளிவந்தபோது அவருக்கு வயது 76. ட்யூன் போட்டவரோ தமிழ் தெரியாத ஹிமேஷ் ரேஷ்மியா. சீரங்கத்தில் வளர்ந்த கவிஞருக்குப் பெருமாளைப் பற்றி எழுத ட்யூனின் ஊர் ஒரு தடையா என்ன? ஹரிஹரன் பாடிய அந்தப் பாட்டை, பக்தியோ பகுத்தறிவோ எந்தக் கட்சியாக இருந்தாலும், எங்கள் பிளாக்கில் எல்லோரும் கேட்டார்கள். கேட்டுவிட்டு விடிய விடிய விவாதமும் செய்தார்கள்!

நாக்க முக்க

இனி அந்த வருடத்தின் பேரிரைச்சலுக்கு வருவோம். 'காதலில் விழுந்தேன்', செப்டம்பர் 2008. விஜய் ஆண்டனி இசை. 'நாக்க முக்க' என்ற அந்தப் பாட்டுக்கு அர்த்தம் என்ன என்று கேட்டு மூக்கைச் சுளித்தவர்கள் பலர். கேட்டவர்களின் காலும் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

இதை வெறும் குத்துப் பாட்டு என்று தள்ளிவிடுவது சரியில்லை. இரண்டு காரணங்கள். ஒன்று, அதைப் பாடியவர்களில் ஒருவர் சின்னப்பொண்ணு. கிராமத்துத் திருவிழா மேடைகளில் நாட்டுப்புறப் பாட்டுப் பாடி வளர்ந்தவர். 'சந்திரமுகி'யில் பாடியிருந்தாலும், அவருடைய தொண்டையின் முழு பலமும் ஊருக்குத் தெரிந்தது இந்தப் பாட்டில்தான். இரண்டாவது காரணம் வியாபாரம். அந்தப் படத்தை வெளியிட்டது சன் பிக்சர்ஸ். அவர்கள் வெளியிட்ட முதல் படம் அதுவே. டி.வி. சேனலும் பட வெளியீடும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்று தமிழ்நாடு அப்போதுதான் தெரிந்துகொண்டது. சீரியலுக்கு நடுவில் பாட்டு, செய்திக்கு முன்னால் பாட்டு, பின்னால் பாட்டு. பாட்டு பிடித்ததால் திரும்பத் திரும்பப் போட்டார்களா, திரும்பத் திரும்பப் போட்டதால் பிடித்ததா? கோழியா முட்டையா கதைதான்.

சென்னை பற்றிய ஒரு பத்திரிகை விளம்பரப் படத்துக்கும் அந்தப் பாட்டு போய்ச் சேர்ந்தது. அந்த விளம்பரம் கேன்ஸ் விளம்பர விழாவில் பரிசு பெற்றது. மெஸ்ஸில் இந்தப் பாட்டு வந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போன நம் ஆசிரியர் ஒருவர் உண்டு. அந்தப் பரிசுச் செய்தியைச் சொன்னதற்கு அவர், "பரிசு குடுத்தவன் நம்ம மெஸ்ஸுல சாப்பிட்டிருக்க மாட்டான்" என்றார்.

பாட்டு வந்த பாதை

இப்போது என் சப்ஜெக்டுக்கு வருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், சின்னக் கணக்குதான்.

ஒரு சி.டி.யில் ஒரு விநாடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து எழுதுகிறார்கள். ஒவ்வொரு அளவுக்கும் 16 பிட், இடது வலது என்று இரண்டு சேனல். பெருக்கினால் விநாடிக்கு 14 லட்சத்துக்கு மேல். ஐந்து நிமிடப் பாட்டு ஒன்றுக்கு ஏறக்குறைய 53 எம்.பி. இடம் வேண்டும். 2008-ல் ஒரு மாணவனின் போனில் இருந்த மெமரி கார்டு 1 ஜி.பி. இந்தக் கணக்கில் இருபது பாட்டுகூட அடங்காது.

இங்கேதான் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவன ஆராய்ச்சியாளர்கள் உதவிக்கு வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் ஏர்ஹாரன் அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது நமக்குக் கேட்பதில்லை. பெரிய சத்தம் சின்ன சத்தத்தை மறைத்துவிடுகிறது. காதுக்கு எப்படியும் கேட்கப் போவதில்லை என்றால் அதை ஏன் எழுதி வைக்க வேண்டும்? இந்த யோசனையின் மேல் கட்டியதுதான் எம்.பி.3. விநாடிக்கு 128 கிலோபிட் போதும் என்று வைத்துக்கொண்டால் அதே பாட்டு ஐந்து எம்.பி.க்குள் அடங்கிவிடும். பதினொன்றில் ஒரு பங்கு! 1 ஜி.பி. கார்டில் இருநூறு பாட்டு. ஒரு மாணவனின் சட்டைப் பைக்குள் ஒரு பாட்டுக் கடையே வந்துவிட்டது.

அடுத்தது, கடைக்குச் சரக்கு எப்படி வந்தது? புளூடூத். நல்ல போனாக இருந்தால் ஒரு பாட்டு ஒரு நிமிடத்துக்குள் போய்ச் சேரும், சுமாரான போனுக்குக் கூடுதல் நேரம். ஆனால் பத்து மீட்டருக்குள் இருக்க வேண்டும். இந்தப் பத்து மீட்டர்தான் என் கட்டுரையின் முக்கியமான அளவு என்பேன். பாட்டு வேண்டுமா, பாட்டு வைத்திருப்பவனின் கட்டிலில் போய் உட்கார வேண்டும். "என்ன மச்சான் புதுசா வச்சிருக்க?" என்று கேட்க வேண்டும். அனுப்புகிற ஒரு நிமிடத்தில் ஏதாவது பேச வேண்டும். பேசாமலே மூன்று செமஸ்டர் ஓட்டிய இரண்டு பேர் ஒரு பாட்டுக்காகப் பேச ஆரம்பித்து இன்றும் நண்பர்களாக இருக்கிறார்கள். லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு போனில் இறங்கிய பாட்டு இரவுச் சாப்பாட்டுக்குள் மூன்று மாடியும் ஏறிவிடும் என்று எங்கள் வகுப்புத் தோழிகள் சொல்வார்கள்.

அப்போதுதான் பெரிய ஸ்பீக்கர் வைத்த மலிவு விலை சைனா போன்கள் வந்தன. கூடவே மின்வெட்டும் வந்தது. 2008-ன் பிற்பாதியில் தமிழ்நாட்டில் கரண்ட் போகாத நாள் இல்லை. கரண்ட் போனால் மெஸ் ஸ்பீக்கர் போச்சு, காமன் ரூம் டி.வி. போச்சு. எல்லோரும் மொட்டை மாடிக்கு. நடுவில் ஒரு எவர்சில்வர் டம்ளர், டம்ளருக்குள் ஒரு சைனா போன். டம்ளரின் சுவரில் எதிரொலித்துச் சத்தம் கூடும். இயற்பியலை நாங்கள் லேபில் கற்றதைவிட மொட்டை மாடியில் கற்றது அதிகம். அந்த போன்களில் பலவற்றுக்கு ஐ.எம்.இ.ஐ. எண் கிடையாது. 2009 நவம்பர் 30-உடன் அப்படிப்பட்ட போன்களின் இணைப்பைத் துண்டிக்க அரசு உத்தரவிட்டது. பாட்டுப் பெட்டியாக மட்டும் அவை இன்னும் சில காலம் டம்ளருக்குள் வாழ்ந்தன.

ஒன்பது மணி போன்

அந்த வருடத்தின் பாட்டுகளில் ஒன்றைப் பற்றி எழுதாவிட்டால் என் நண்பர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். 'வாரணம் ஆயிரம்'. தலைப்பு ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலிருந்து வந்தது. இயக்குநர் கௌதம் மேனன், 2007-ல் காலமான தம் தந்தையின் நினைவாக எடுத்த படம். பாட்டுகள் செப்டம்பரில் வந்தன, படம் நவம்பர் 14-ல்.

அந்த இரண்டு மாதங்களுக்கு நடுவில் உலகம் கொஞ்சம் மாறிவிட்டது. செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் திவால். அது என்ன கம்பெனி என்று எங்களுக்குத் தெரியாது. சில வாரங்களில் தெரிந்தது. எங்களுக்கு முந்தைய பேட்ச் சீனியர்களில் பலர் கையில் வேலைக் கடிதம் இருந்தது, சேரும் தேதி மட்டும் தள்ளிக்கொண்டே போனது. கடன் வாங்கிப் படித்தவர்களின் வீட்டுக்கு வங்கிக் கடிதம் முதலில் வந்தது. எங்கள் பிளாக்கின் வராந்தாவில் ஒரு சீனியர் அண்ணன் இரவு முழுக்க அந்தப் படத்தின் பாட்டுகளைக் காதில் மாட்டிக்கொண்டு நடப்பார். யாரும் போய் எதுவும் கேட்கவில்லை. நவம்பர் கடைசியில் மும்பைத் தாக்குதல், டெல்டாவில் நிஷா புயல். காமன் ரூமில் பாட்டுச் சேனலை மாற்றச் சொல்லி யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

என் அறைத்தோழன் கும்பகோணம் பக்கம். அப்பா விவசாயம், கொஞ்சம் கச்சேரி ரசிகர். தினமும் இரவு ஒன்பது மணிக்கு அவனைக் கூப்பிடுவார். அப்போது காலர் ட்யூன் காலம். நம்மைக் கூப்பிடுகிறவர்களுக்கு மணிச் சத்தத்துக்குப் பதிலாகப் பாட்டு. மாத வாடகை தனி, பாட்டுக்குக் காசு தனி. இவன் வைத்திருந்தது 'அனல் மேலே பனித்துளி', சுதா ரகுநாதன் பாடியது. ஒருநாள் அப்பா சொன்னார்: "யாருடா பாடறது? நல்லா இருக்கு. நீ உடனே போனை எடுத்துடாதே. கொஞ்சம் கேட்டுக்கறேன்." அன்றிலிருந்து ஒன்பது மணி போன் வந்தால் இவன் எடுக்க மாட்டான். நாங்கள் இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். இந்தப் பக்கம் எங்களுக்குச் சாதாரண ரிங்டோன்தான். அந்தப் பக்கம் அவர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். கட்டாகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எடுப்பான்.

2009 ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரம், அப்பா மாரடைப்பில் போய்விட்டார். கும்பகோணத்துக்கு நாங்கள் பன்னிரண்டு பேர் போனோம். அவன் திரும்பி வந்த பிறகும் அந்தக் காலர் ட்யூனை எடுக்கவில்லை. மாதா மாதம் காசு போய்க்கொண்டே இருந்தது. கேம்பஸ் முடிந்து, வேலைக்குப் போய், ஊர் மாறி, நம்பர் மாறும் வரை வைத்திருந்தான். அவனைக் கூப்பிடும் போதெல்லாம் அந்தப் பாட்டை நாங்கள்தான் கேட்டோம். படத்தை மட்டும் அவன் பல வருடங்கள் பார்க்கவில்லை. பார்த்த அன்று எங்களுக்கு ஒரு வரி அனுப்பினான்: "இன்னைக்குப் பார்த்துட்டேன்."

'பாட்டுன்னு ஒண்ணு இருந்துதாப்பா' என்று கேட்பவர்களுக்கு என்னிடம் உள்ள சாட்சிகளில் இதுவும் ஒன்று.

ஒரு திங்கட்கிழமை காலை

2008-ன் கணக்கு 2009 பிப்ரவரியில்தான் முடிந்தது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' 2008-ல் வெளியான படம். இந்திய நேரப்படி பிப்ரவரி 23, திங்கட்கிழமை காலை ஆஸ்கர் விழா. முதல் பீரியடுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கிற நேரத்தில் காமன் ரூமில் நிற்க இடமில்லை. ரஹ்மானுக்கு இரண்டு விருதுகள்: பின்னணி இசைக்கு ஒன்று, குல்சார் எழுதிய பாட்டுக்கு ஒன்று. ஒலிக்கலவைக்கு ரசூல் பூக்குட்டிக்கும் விருது. அந்த மேடையில் ரஹ்மான் தமிழில் இறைவனுக்குப் புகழ் சொன்னபோது எங்கள் காமன் ரூமின் கூரை பறந்திருக்க வேண்டும். அதே நாள் மதியம், "நம்மாளு தமிழ்ல இந்த வருஷம் ஒரே ஒரு படம்தானே பண்ணாரு" என்று ஒருவன் குறைப்பட்டான். இன்னொருவன் சொன்னான், "அதனாலதாண்டா மத்தவங்க பத்துப் பேரு வந்தாங்க."

பிறகு என்ன ஆயிற்று?

வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு காலம் உச்சத்தில் இருக்கும்போதே அதை முடித்து வைக்கப் போவது எங்கேயோ பிறந்துவிடுகிறது. நாங்கள் டம்ளருக்குள் போனை வைத்துக்கொண்டிருந்த 2008 அக்டோபரில், ஸ்வீடன் நாட்டுக்காரர்களின் ஸ்பாட்டிஃபை ஐரோப்பாவில் ஆரம்பமாயிற்று. முதல் ஆண்ட்ராய்டு போன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்ததும் அதே மாதம்தான். 2011 நவம்பரில் '3' படத்தின் 'கொலவெறி' பாட்டு யூட்யூப் வழியாக உலகத்தைச் சுற்றியது. 2016-ல் ஜியோ வந்து டேட்டாவை மலிவாக்கியது. 2017-ல் எம்.பி.3-யின் காப்புரிமைகள் காலாவதியாயின. 2019-ல் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கே வந்து சேர்ந்தது. இன்று யாரும் யாருக்கும் பாட்டு 'கொடுப்பதில்லை'. பத்து மீட்டர் என்பது பத்தாயிரம் கிலோமீட்டர் ஆகிவிட்டது.

லாபம் இல்லாமல் இல்லை. கேசட் போய், சி.டி. போய், காசு எங்கிருந்து வரும் என்று பாட்டு உலகம் திகைத்து நின்ற காலம் அது. 2012-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு, அதை எழுதி வாங்கிவிட முடியாது என்று ஆயிற்று. பாட்டு எந்த வழியில் வந்தாலும் அதைச் செய்தவருக்கு ஒரு பங்கு போக வேண்டும் என்பது நியாயம்தானே? 1977 பாட்டைத் தேடி நாங்கள் ஒரு இரவு அலைந்தோம். இன்றைய மாணவருக்கு அது இரண்டு விநாடி வேலை.

நஷ்டமும் உண்டு. மெஸ் ஸ்பீக்கரில் நாம் தேர்ந்தெடுக்காத பாட்டையும் கேட்டாக வேண்டும். 'நாக்க முக்க' பிடிக்காதவனும் கேட்டான், 'அனல் மேலே' பிடிக்காதவனும் கேட்டான். பிடிக்காத பாட்டைப் பிடித்தவனோடு சேர்ந்து கேட்கிற பொறுமை ஹாஸ்டல் தந்த படிப்புகளில் ஒன்று. போன மாதம் நம் கல்லூரிக்குப் போயிருந்தேன். ஹாஸ்டல் வராந்தாவில் முப்பது பேர் இருந்தார்கள், முப்பது ஜோடிக் காதுகளிலும் ஏதோ மாட்டியிருந்தது. பாட்டு ஒலித்துக்கொண்டுதான் இருந்தது, வராந்தாவில் சத்தம் இல்லை. குறை சொல்லவில்லை தம்பிகளா. எங்கள் சீனியர்களின் ரேடியோ காலத்துப் பார்வையில் நாங்களும் இயர்போன் கோஷ்டிதான்.

ஆகவே சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்தச் சந்திப்பு நாளன்று மெஸ் ஸ்பீக்கரை மட்டும் சரி செய்து வையுங்கள். ஒவ்வொரு பேட்சுக்கும் கால் மணி நேரம். அவரவர் வருடத்துப் பாட்டு, எல்லோரும் கேட்க வேண்டும், யாரும் மாற்றச் சொல்லக்கூடாது. எம்.எஸ்.வி. பேட்ச் பெரியவர்கள் எங்கள் 2008-ஐக் கேட்கட்டும். நாங்கள் கடைசி வருட மாணவர்களின் பாட்டைக் கேட்கிறோம். அதன் பிறகு பாயசம் வரும்போது, "உங்க காலத்துல பாட்டுன்னு ஒண்ணு இருந்துதாப்பா?" என்று கேட்கலாம்.

கும்பகோணத்து நண்பன் இந்த வருடம் வருவதாகச் சொல்லியிருக்கிறான். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளையும் அழைத்து வருகிறானாம். எங்கள் கால் மணி நேரத்தின் முதல் பாட்டு எது என்று அவனையே முடிவு செய்யச் சொல்லிவிட்டோம்.